காகிதமா, நெட்டியா?

கேள்வி: கொல்கத்தா கல்யாணத்தில் மாப்பிள்ளை தலையில் வெள்ளைக் கூம்புத் தொப்பி பார்த்தேன். காகிதத்தில் செய்வார்களா?

பதில்: இல்லை, நெட்டியில். மாட்டுப் பொங்கலுக்கு நாம் மாலை கட்டும் அதே நெட்டிதான். வங்காளிகளுக்கு அது ஷோலா. தொப்பியின் பெயர் டோபோர். பனாரஸ் பட்டு உடுத்திய மணப்பெண்ணுக்கும் நெட்டியில் முகுட் என்ற மகுடம் உண்டு. சதுப்பில் வளரும் செடியின் தண்டைக் காயவைத்து, தவிட்டு நிறத் தோலைச் சீவிவிட்டு, உள்ளிருக்கும் வெண்தக்கையை நீளக் கத்தியால் உருட்டி உருட்டித் தாளாகச் சீவுகிறார்கள் மாலாகார் கைவினைஞர்கள். என்ன கை அது! தலையில் வைத்தால் கனமே தெரியாது. அன்னப்பிராசனத்தன்று குழந்தைக்கும் குட்டி டோபோர் வைப்பார்கள். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் போட்ட சோலா தொப்பியும் இந்தத் தக்கைதான். இப்போது தெர்மாகோல் புகுந்து தொழிலைக் கெடுக்கிறது. வாங்குவதானால் நெட்டியையே கேட்டு வாங்குங்கள்.