எலெக்ட்ரான் எங்கே அதிகம்?

கேள்வி: புனேயில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். ஹைட்ரஜன் அணுவின் தாழ்நிலையில் அலைச்சார்பு அணுக்கருவில்தான் உச்சம் என்கிறது பாடநூல். அடுத்த பக்கத்திலேயே, எலெக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள தொலைவு 0.529 ஆங்ஸ்ட்ராம் என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, கட்கி, புனே

பதில்: இரண்டையுமே நம்புங்கள். அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள்.

அலைச்சார்பு நிகழ்தகவு அல்ல. அதன் அளவை வர்க்கப்படுத்தினாலும் கிடைப்பது நிகழ்தகவு அடர்த்திதான். கன அளவால் பெருக்கிய பிறகே அது நிகழ்தகவாகும். (இதில் குழம்புவது கௌரவக் குறைச்சல் இல்லை. அலைச்சார்புக்கு நிகழ்தகவு விளக்கம் தந்த மாக்ஸ் போர்னே 1926 கட்டுரையில் வர்க்கத்தை விட்டுவிட்டு, அச்சுக்குப் போகும் நேரத்தில் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். அந்த விளக்கத்துக்காக 1954இல் நோபல் பரிசு வந்தது.)

உங்கள் ஊரையே பாருங்களேன். சனிவார் வாடாவைச் சுற்றிய பேட்டைகளில் நெரிசல் அதிகம். ஆனாலும் வாடாவிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களைவிட, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வட்டமாகக் குடியிருப்பவர்கள் பல மடங்கு. அந்த வளையம் அவ்வளவு பெரியது. அணுவில் வளையத்துக்குப் பதில் கோள ஓடு. ஓட்டின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அடர்த்தி அடுக்குக்குறி வேகத்தில் இறங்குகிறது. இவற்றின் பெருக்கல் உச்சம் தொடும் இடம்தான் 0.529. அதை வேலி என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குள் எலெக்ட்ரான் அகப்படும் வாய்ப்பு சுமார் 32 சதவீதமே. தொகையிட்டுப் பாருங்கள், நான்கு வரிக் கணக்கு.

அப்படியானால் அணுக்கருவில் இருக்கும் அந்த உச்ச அடர்த்தியால் என்ன பயன்? அதற்கான சாட்சி உங்கள் ஊருக்கு வடக்கே, சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் நிற்கிறது: ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய ராட்சத ரேடியோ தொலைநோக்கி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் காந்தத் தன்மை உண்டு. அவற்றின் தற்சுழற்சிகள் (ஸ்பின்) ஒரே திசை பார்த்தால் ஆற்றல் சற்றுக் கூடுதல், எதிரெதிரே பார்த்தால் குறைவு. தாழ்நிலையில் அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது, புரோட்டான் இருக்கும் இடத்தில் எலெக்ட்ரானின் நிகழ்தகவு அடர்த்தி. அந்த வித்தியாசம்தான் 1420 மெகாஹெர்ட்ஸ், அதாவது 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையாக வெளிவருகிறது.

தனித்து விடப்பட்ட ஓர் அணு தானாக இந்த அலையை உமிழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த அணு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விண்மீன் மண்டலத்தின் ஹைட்ரஜன் மொத்தமும் சேர்ந்தால் சமிக்ஞை ஓயாமல் வருகிறது. சுமார் 880 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பி, வழியில் 48 சென்டிமீட்டராக நீண்டுவிட்ட அலையைக் கோடத் ஆன்டெனாக்கள் பிடித்த செய்தி 2023 ஜனவரியில் வெளியானது.

அடுத்து 2பி நிலையின் அலைச்சார்பை வரைந்து பாருங்கள். அணுக்கருவில் அதன் மதிப்பு பூஜ்யம். புரோட்டான் இருக்கும் இடத்தில் எலெக்ட்ரானுக்குள்ள நேரடித் தொடர்பே அங்கு இல்லை.