மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த மைக் நல்லது என்று. எந்த அறையில் உட்கார்ந்து பேசப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

• பேசப்போகும் அறையில், பேசப்போகும் நேரத்தில், ஃபேனை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் காதை மட்டும் தீட்டி உட்காருங்கள். ஃபிரிட்ஜ் முனகுகிறதா? மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்களா? பிறகு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்த பின்னும் ஓசை தொங்கி நின்றால், டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உங்கள் குரலையும் அப்படித்தான் திருப்பி அடிக்கும்.

• அத்தகைய அறைக்கு டைனமிக் மைக் எடுங்கள். அது இரைச்சலைத் தானே வடிகட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். வாய்க்கு அருகில் வைத்துப் பேசவே அது செய்யப்பட்டிருக்கிறது. பயன் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சாண் தூரத்திலிருந்து அரைச் சாணுக்கு வந்தால், மைக்கை நேராக எட்டும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலியோ இருந்த அளவிலேயே இருக்கும். கம்பளமும் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் நிறைந்த அமைதியான அறை வாய்த்தவர்கள் தாராளமாகக் கண்டென்சர் வாங்கலாம். குரலின் நுணுக்கங்களை அது அழகாகப் பிடிக்கும்.

• கார்டியாய்டு வகையா என்று பாருங்கள். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மந்தம். இரையும் லேப்டாப்பை மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள்.

• முதல் மைக் என்றால் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ளதாக இருக்கட்டும். சாம்சன் கியூ2யூ அப்படிப்பட்டது. இன்று கணினியில் நேராகச் செருகலாம். நாளை எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் உதவும்.

செய்யக்கூடாதவை

• பெயருக்காக வாங்காதீர்கள். ஷ்யூர் எஸ்எம்7பி அருமையான மைக், சந்தேகமில்லை. 1982-இல் வந்த ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சன் பாடியது அதன் முன்னோடியான எஸ்எம்7-இல். ஆனால் அவர் பாடிய இடம் ஒலிக்காகவே கட்டிய ஸ்டூடியோ. எஸ்எம்7பி தரும் சிக்னல் மிகச் சன்னமானது. அதைத் தூக்கிவிட 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், வேண்டும். மலிவான இண்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் குரலோடு ‘உஸ்’ஸென்ற இரைச்சலும் ஏறும். மைக்கில் காசு முழுவதையும் போட்டுவிட்டு இங்கே மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

• எல்லா மைக்கிலும் நுனியைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். ப்ளூ யெட்டி போன்றவற்றில் பக்கவாட்டில்தான் பேச வேண்டும்.

• உதடு உரச வைக்காதீர்கள். நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கும். ‘ப’கரம் வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். நாலு விரற்கடை விட்டு, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு, காற்றைத் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டர்.

• இருவர் பேச, மேசை நடுவே ஒரே மைக்கை வைக்காதீர்கள். ஆளுக்கொன்று வேண்டும்; சாதாரண மைக்காக இருந்தாலும் பரவாயில்லை.

• உங்கள் குரலைப் பதிந்து கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரே பத்தியை இரண்டு மூன்று மைக்கில் வாசித்துப் பதியுங்கள். ஹெட்ஃபோனில் மட்டுமல்ல, ஃபோன் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். சமையல்கட்டில் வேலையோடு வேலையாகக் கேட்பவருக்கு அதுதான் வந்து சேரும்.