சப்மிட் அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

பாஸ்வேர்டு கட்டத்தில் தட்டத் தட்டக் கரும்புள்ளிகள் விழும். "பாருங்க, அங்கேயே ரகசியமாக்கித்தான் அனுப்புது" என்று பிரவுசிங் சென்டரில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளி முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பவருக்காக மட்டுமே. பிரவுசருக்குள் பாஸ்வேர்டு தட்டியது தட்டியபடியே இருக்கிறது. வழியில் அதைக் காப்பது எச்டிடிபிஎஸ் குறியாக்கம்தான். அது இல்லாத தளமானால், பூட்டில்லாத வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவரும் படித்துவிடலாம்.

படிவத்தை அனுப்பும் இரண்டு முறைகளைப் பற்றி நிரல் எழுதுபவர்களிடமும் ஒரு நம்பிக்கை உண்டு: கெட் ஆபத்து, போஸ்ட் பத்திரம். கெட் முறையில், நிரப்பியதெல்லாம் முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். போஸ்ட்டில் அதே விவரம் கோரிக்கையின் உடலுக்குள் போகும். இரண்டிலும் பூட்டு எதுவும் இல்லை. பெயர்க் கட்டத்தில் 'தமிழ்' என்று மூன்றெழுத்து தட்டினால் யூனிகோடில் 5 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களும் சேர்ந்து 45 குறிகளாக நீளும். பார்ப்பதற்குச் சங்கேதம் போலிருக்கும். யார் வேண்டுமானாலும் நொடியில் பிரித்துவிடலாம்.

கெட்டின் உண்மையான தொல்லை, போகிற இடமெல்லாம் தடம் விடுவது. பிரவுசரின் வரலாற்றில் அந்த முகவரி தங்கும், சர்வரின் பதிவேட்டிலும் தங்கும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ், 2015 ஜனவரியில் இதில்தான் மாட்டியது. பயனர் நிரப்பிய வயது, வருமானம், புகைப்பவரா, கர்ப்பிணியா என்ற விவரங்கள் முகவரியிலேயே இருந்தன. அந்தப் பக்கத்தில் விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்களின் நிரல்களும் இருந்தன. அவற்றைக் கேட்டுப் போன பிரவுசர், 'எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று சொல்லும் ரெஃபரர் வரியில் முகவரி முழுவதையும் கொடுத்துவிட்டது. இங்கே எச்டிடிபிஎஸ் என்ன செய்யும்? திருடன் வழிமறிக்கவில்லையே, வீட்டுக்காரரே அல்லவா எடுத்துக் கொடுத்தார்!

"சப்மிட் அழுத்தாதவரை ஒன்றும் போகாது" என்பதுதான் எனக்குத் தெரிந்து பலரும் நம்பும் பொய். படிவம் தானாக எதையும் அனுப்பாது, உண்மைதான். ஆனால் அதே பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், ஒவ்வொரு விசை தட்டலையும் கேட்டுக்கொண்டிருக்க முடியும். 2022இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, அதிகம் பார்க்கப்படும் 1,00,000 தளங்களைச் சோதித்தது. ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது 1,844 தளங்களில், சப்மிட் அழுத்தும் முன்பே மின்னஞ்சல் முகவரி கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருந்தது. அமெரிக்காவிலிருந்து திறந்தபோது அது 2,950 தளங்கள். 52 தளங்களில் பாஸ்வேர்டும் தவறுதலாக வெளியேறியிருந்தது. பாதி நிரப்பி, மனம் மாறி மூடிய பக்கமும் கணக்கில் வந்துவிடுகிறது.

"பத்து இலக்கம் தேவை" என்று சிவப்பில் மிரட்டும் படிவம் தப்பானதை உள்ளே விடாது என்று நினைக்காதீர்கள். அந்தச் சோதனை நடப்பது உங்கள் கணினியில். அங்கே எதையும் மாற்றலாம். நான் முதன்முதலில் எழுதிய கடை நிரலில், விலையை மறைவான கட்டம் ஒன்றில் வைத்து அனுப்பினேன். நண்பன் பிரவுசரிலேயே அதைத் திருத்தி, 1,450 ரூபாய் மின்விசிறியை 1 ரூபாய்க்கு ஆர்டர் போட்டுக் காட்டினான். சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. விலையை சர்வரே தன் பட்டியலில் பார்த்திருக்க வேண்டும்.

டிக் வைக்காத கட்டம் சர்வருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் என்றும் நினைக்கிறோம். அது வாயே திறக்காது. "விளம்பர மின்னஞ்சல் வேண்டுமா?" என்பதை டிக் வைக்காமல் விட்டால், சர்வருக்குப் போகும் வரியில் அந்தக் கேள்வியே இருக்காது. நீங்கள் மறுத்தீர்களா, கேள்வியே கேட்கப்படவில்லையா என்பதை அந்த வரியை மட்டும் பார்த்து சர்வரால் சொல்ல முடியாது.