பிரம்பு வாங்கிய பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓர் அம்மா மகளைப் பற்றிச் சொல்லி அழுததாகச் சொன்னாய். ஊர்ப்பேர் இங்கே வேண்டாம். பிள்ளை ஆறு மாசமாகத் தூங்குவதில்லை, சோறு தின்பதில்லை, தனியாகப் பேசிக்கொள்கிறாள். "சாமி, பிரம்புல ரெண்டு போடு போடுங்க, எறங்கிரும்" என்று அந்தம்மா கெஞ்ச, நீ அமாவாசைக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டாய். "மாமா, நான் என்ன பண்ணட்டுங்க?" என்கிறாய். அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன்னைப்போல் சின்ன வயசில் பிரம்பு வாங்கிய மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

திருவிழா தொடங்கும் பூச்சாட்டு அன்று மஞ்சள் துணி சுற்றி உன் கையில் கொடுத்தார்களே, அந்தப் பிரம்புக்கு என்ன வேலை என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் இடத்தில் நின்று நான் சொல்கிறேன்.

கோலுக்கு என்ன வேலை என்று தெரிய, முதலில் கம்பத்தைப் பார். பாலையோ வேம்போ, ஊர் வழக்கப்படி மூன்று கிளை பிரிந்த மரமாகத் தேடி வெட்டி, தோல் சீவி, மாரியம்மன் சந்நிதிக்கு எதிரே நடுகிறோம். நட்ட நாளிலிருந்து அது அம்மனுக்குப் புருஷன். விடிகிறதற்குள் பெண்கள் ஈரச்சேலையோடு குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். ராத்திரி ஆனால் பறை முழங்க இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுகிறார்கள். கம்பம் நட்டுவிட்டால் வெளியூரில் ராத் தங்கக்கூடாது என்பார்கள். கடைசியில் அதைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுகிறோம். கரூரில் வைகாசியில் அமராவதி ஆற்றில் விடுகிறார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கம்பத்தைக் காரைவாய்க்காலுக்குக் கொண்டுபோவதைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும். கொங்கில் இதைவிடப் பெரிய கோல் கிடையாது. வெயில் காலத்தில், அம்மை வரும் காலத்தில், ஊரின் சூட்டையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு குளிர்ந்து நிற்பதுதான் அதன் வேலை. அது யாரையும் தொடுவதில்லை. ஊர்தான் வந்து அதைத் தொடுகிறது.

நீ மருதமலைக்கு அடிக்கடி போகிறவன். அங்கே மூலவர் தண்டாயுதபாணி, பழனியில் இருப்பவரைப் போலவே. ஒரு கையில் தண்டம், மறு கை இடுப்பில். சூரனை வதைத்தது வேல். தண்டமோ, பழத்துக்குக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஆண்டியிடம் மிச்சமிருந்த ஒரே பொருள். தண்டம் என்ற சொல்லுக்குத் தண்டனை என்றும் அர்த்தம் உண்டுதான். கோவணத்தோடு மலையில் தனியே நிற்கிறவர் யாரைத் தண்டிக்கப்போகிறார்? அந்தணர் பிடித்த முக்கோலைத் தொல்காப்பியமே பேசுகிறது. மனம், வாக்கு, உடம்பு என்று மூன்றையும் கட்டிவைத்ததற்கு அந்த மூன்று கோல் அடையாளம் என்று பெரியவர்கள் பொருள் சொன்னார்கள். பிடித்திருக்கிறவனுக்குத்தான் தண்டனை, கண்ணு. பூச்சாட்டிலிருந்து நீ பாயில் படுக்காமல், கவுச்சி தொடாமல், ஒரு வேளை உண்டு இருந்தாயே, அப்போதே அந்தப் பிரம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று. உனக்குக் கூத்தும் பாட்டும் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும்போது மேடையில் தலைக்கோல் வைக்கிறார்கள். போரில் தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடைக் காம்பு அது. கணுக்கணுவாய் நவமணி பதித்து, பொன்தகடு போர்த்தி, புண்ணிய நீராட்டி, யானை சுமக்க ஊர்வலம் வந்து, அரங்கில் நிற்கிறது. அதை இந்திரன் மகன் சயந்தனாகவே நினைத்தார்கள். ஆடி முடித்தவளுக்குத் தலைக்கோல் பட்டம், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். சோழர் கல்வெட்டுகளிலும் தலைக்கோலி என்று பட்டம் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். ரத்தம் பார்த்த களத்திலிருந்து வந்த காம்பு, ஒரு பன்னிரண்டு வயசுப் பெண்ணின் ஆட்டத்துக்குச் சாட்சியாக நின்றது. நம் முன்னோர் கோலை எங்கிருந்து எங்கே கொண்டுவந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இனி நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு பெரிய பூசாரிக்கு உடுக்கை அடிக்கப் போயிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பொண்ணு, கண் மேலே சொருகி, கைகால் வெட்டி விழுகிறாள் என்று கூட்டிவந்தார்கள். முடியைப் பிடித்து உட்காரவைத்துப் பிரம்பால் அடித்தார். "யாருடி நீ, சொல்லு, போறியா" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். அவள் "போறேனுங்க, போறேனுங்க" என்றாள். பேய் பேசுவதாகக் கூட்டம் நினைத்தது. எனக்கு அது வலி தாங்காத பிள்ளையின் குரல் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் உடுக்கையை நிறுத்தவில்லை. பிற்பாடு அவளுக்கு வலிப்பு நோய் என்று டாக்டர் கண்டுபிடித்தார். மாத்திரையில் நின்றது. முதுகுத் தழும்பு போகவில்லை.

அடிப்பது மட்டுமல்ல, கட்டிப்போடுவதும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள். மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடுத்துவிட்டது.

அதற்காகக் கோயிலுக்கு வராதே என்று அந்தம்மாவைத் திருப்பி அனுப்பிவிடாதே. நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை மருத்துவர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். அடி கிடையாது, தனிச் சடங்கும் கிடையாது. காலையில் சின்னதாய் ஒரு பூசை, அப்புறம் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற லேசான வேலை. நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அன்பாக இடம் கொடுத்ததற்கே அவ்வளவு என்றால், அதோடு மருந்தும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசி.

அமாவாசை அன்று நேரத்தோடு வரச் சொல். கூட்டம் சேர்வதற்குள் அந்தப் பிள்ளையை அம்மன் முன்னால் உட்காரவை. முடியைத் தொடாதே. பிரம்பைச் சந்நிதியில் சாத்திவிட்டு வெறுங்கையோடு அவளுக்கு எதிரே உட்கார். சாப்பிட்டியா கண்ணு என்று கேள். அவள் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதே. வேப்பிலையில் தீர்த்தம் தெளி, விபூதி போடு. உடுக்கை வேண்டுமானால் மெதுவாக அடி. உன் அப்பா தாலாட்டு மாதிரி அடிப்பாரே, அப்படி. பிறகு அந்தம்மாவிடம், "ஆத்தா உத்தரவு கொடுத்துட்டா, டாக்டர்கிட்டயும் காட்டணுமுங்க" என்று சொல். நூறு பேர் சொன்னாலும் கேட்காதவர்கள் நீ சொன்னால் கேட்பார்கள், ஏனென்றால் நீ பிரம்பு வாங்கியவன். ராத்திரியில் பயந்தால் 14416க்குப் போன் பண்ணலாம், காசில்லாத அரசாங்க மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள் என்று எழுதிக் கொடு.

மறுநாள் காலையில் திருச்சி ரோட்டிலுள்ள கோவை அரசு மருத்துவமனைக்கு அவர்களோடு நீயும் போ. நானும் வருகிறேன். விபூதிப் பொட்டலத்தை மாத்திரை டப்பாவோடு சேர்த்தே வைக்கச் சொல். பௌர்ணமிக்கு மறுபடி கோயிலுக்குக் கூட்டிவரச் சொல். அன்றைக்கு அந்தப் பிள்ளை வாசல் கூட்டிக் கோலம் போடட்டும்.

உன் மாமா.