மனச்சோர்வு நோயே, குற்றமன்று

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கணவரை இழந்த பெண்களும், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. உடலைத் தாக்கிய நஞ்சுக்கு மருத்துவமனைகளில் சிகிச்சை நடந்தது. உள்ளத்தில் பட்ட காயத்துக்குச் சிகிச்சை உண்டா? உண்டு. அதைப் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்வோம்.

துயரம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. துயரம் அலைபோல வந்து வந்து போகும். இடையிடையே ஒரு குழந்தையின் சிரிப்பு ஆறுதல் தரும். மனச்சோர்விலோ அந்த ஆறுதலும் எட்டுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் வாடிக் கிடக்கும். எதிலும் நாட்டம் இராது. தூக்கமும் பசியும் கெடும். பாடம் மனத்தில் பதியாது. "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் ஓயாது. நம் வயதுப் பிள்ளைகளிடம் இது எரிச்சலாகவும், அடிக்கடி வரும் தலைவலி, வயிற்றுவலியாகவும் வெளிப்படலாம்.

இதைச் சோம்பல் என்றும், விசுவாசக் குறைவு என்றும் சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் தவறு. இழப்பு, வறுமை, வீட்டில் வன்முறை, பரம்பரை, மூளையின் செயல்பாட்டில் நேரும் மாற்றம் எனக் காரணங்கள் பல. இறைவாக்கினர் எலியாவே பாலைநிலத்தில் ஒரு செடியடியில் அமர்ந்து, சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்து, உறங்கவும் விட்டார்.

உளவியல் சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவரை இழந்த தாய் ஒருவர், "அன்று அவரைத் தடுத்திருந்தால் பிழைத்திருப்பார், எல்லாம் என் குற்றம்" என்று மூலையிலேயே முடங்கிக் கிடக்கிறார். ஆலோசகர் அவருக்குப் போதனை செய்வதில்லை. முதலில் பொறுமையுடன் கேட்கிறார். பிறகு, "அம்மா, அதில் நஞ்சு கலந்திருந்தது அன்று உங்களுக்குத் தெரியுமா?" என்று வினவுகிறார். தன்னைத் தானே வதைக்கும் எண்ணம் உண்மைதானா என்று அத்தாயே சீர்தூக்கிப் பார்க்கிறார். அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை இது.

அடுத்து, சிறு செயல்கள். நாளை காலை வாசல் தெளித்துக் கோலமிடுவது. மாலையில் பக்கத்து வீட்டு அக்காவுடன் பேசுவது. உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் சோர்வுதான் மிகும். செயல் முன்னே சென்றால் உற்சாகம் பின்னே வரும்.

கோவாவில் மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறையைக் கையாண்டனர். 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் நோய் தணிந்தவர்கள் இச்சிகிச்சை பெற்றோரில் 100-க்கு 64 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 பேர். நோய் கடுமையானால் மருந்தும் தேவைப்படும். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

"செபித்தால் போதும், சரியாகிவிடும்" என்று நோயுற்றவரிடம் சொல்லலாமா? காய்ச்சலுக்குச் செபமும் செய்கிறோம், மருந்தும் உண்கிறோம் அல்லவா? மனத்துக்கும் அதுவே முறை. தோழி ஒருத்தி வாழ்வையே வெறுத்துப் பேசினால், அதை இரகசியமாக வைத்துக்கொள்ளலாகாது. அவளைத் தனியே விடாமல், உடனே அருட்சகோதரியிடமோ ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்வோம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அழுகின்றவரிடம் "அழாதே" என்று சொல்வது எளிது. அருகில் அமர்ந்து கேட்பதும், மருத்துவரிடம் உடன் செல்வதுமே உண்மையான பிறரன்பு. அதை நம் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோமாக!