பெட்டியைப் பிரித்து வையுங்கள்

வேதபாடம்: எரேமியா 29:1–14



சென்னையில் நம் ஆராதனைக்கு வருகிறவர்களில் அநேகர் வேறு ஊர்க்காரர். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்கினார்கள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தெற்கேயிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம்தான் பட்டணத்து வாசல்.

எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். “ரெண்டு வருஷம் பிரதர். கடன் அடைஞ்சதும் ஊருக்கே போயிருவோம்” என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே எட்டு வருஷம் ஆன குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் போனால் பரண்மேல் இரண்டு அட்டைப்பெட்டி, கட்டிய கயிறு அப்படியே இருக்கும். வாக்காளர் அட்டை ஊரில். சபைப் பதிவில் பெயர் ஊரில். மனசும் ஊரில். சரீரம் மாத்திரம் மூன்றாவது மாடியில்!

இந்த “ரெண்டு வருஷம்” வேதத்திலேயே இருக்கிறது. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். கைத்தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான் என்பதைக் கவனியுங்கள். பட்டணத்துக்கு எப்பொழுதும் வேலைக்காரன் வேண்டும். பிறகு அனனியா என்கிற ஒருவன் தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தீர்க்கதரிசனம் சொன்னான் (எரே. 28:1–4). கேட்க எவ்வளவு இனிப்பாயிருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

அடுத்த அதிகாரத்தில் எரேமியாவின் நிருபம் வருகிறது. எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் அது பாபிலோனுக்குப் போனது. அதில் என்ன எழுதியிருந்தது? வீடு கட்டி அதிலே குடியிருங்கள். தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், பேரப்பிள்ளைகளைக் காணுங்கள். அதோடு நிற்கவில்லை. உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணம் நன்றாயிருக்கும்படி நாடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள். அது சுகமாயிருந்தால் உங்களுக்கும் சுகம் என்று எழுதுகிறார். 7-ம் வசனத்தில் மாத்திரம் ‘ஷாலோம்’ என்ற எபிரெய வார்த்தை மூன்று தரம் வருகிறது. திரும்பிவரும் காலத்தையும் சொல்லுகிறார்: எழுபது வருஷம்.

நல்ல செய்தி என்று எல்லாரும் வாங்கிக்கொண்டார்களா? இல்லை. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன் எருசலேமுக்கு நிருபம்மேல் நிருபமாக எழுதி, இந்த எரேமியாவை ஏன் கடிந்துகொள்ளவில்லை, நெடுங்காலம் செல்லும், வீடு கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறானே என்று சண்டை பிடித்தான் (29:24–28). சிறையிருப்பை விட, சிறையிருப்பு நீளும் என்ற வார்த்தைதான் அவனுக்குக் கசந்தது.

ஆனாலும் ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள் என்பதற்கு வேதத்திலும் வெளியிலும் சாட்சி உண்டு. எசேக்கியேல் தன் வீட்டில் உட்கார்ந்திருக்க, யூதாவின் மூப்பர்கள் அவன் முன்பாக உட்கார்ந்திருந்தார்களாம் (எசே. 8:1). அந்நிய தேசத்தில் அவனுக்கு ஒரு வீடு; அது ஜனங்கள் கூடும் வீடு. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் எடுத்த களிமண் பலகைகளை 1939-ல் ஒரு ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டார். யூதாவின் ராஜாவாகிய எகொனியாவுக்கும் அவன் குமாரர் ஐந்து பேருக்கும் அளந்த எண்ணெய்க் கணக்கு அதில் இருக்கிறது. ராஜாவாயிருந்தவன் ரேஷன் எண்ணெய் வாங்கியிருக்கிறான்! இன்னும் ஒன்று. ‘யூதாவின் ஊர்’ என்றே பெயர்பெற்ற ஒரு குடியிருப்பு பாபிலோனியாவில் இருந்தது. அங்கேயும் அதன் சுற்றுப்புறத்திலும் எழுதப்பட்ட பலகைகளில் நூற்றுக்கும் அதிகமானவை 2014-ல் புத்தகமாக வந்தன. கி.மு. 572 முதல் 477 வரைக்குமான பத்திரங்கள் அவை. நிலக்குத்தகை, கடன், வரி, இத்தனை மரக்கால் வாற்கோதுமை, இவ்வளவு பேரீச்சம்பழம் என்று சாதாரண ஜீவிய காரியங்கள். சிறைபட்டுப் போனவர்களின் பிள்ளைகள் பத்திரம் எழுதி, பயிரிட்டு, வரி கட்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, நம்மை யாரும் சங்கிலி போட்டுக் கொண்டுவரவில்லை. ஆகையால் நாம் இன்னும் அதிகமாய் இந்த நிருபத்துக்குச் செவிகொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.

அட்வான்ஸ் கொடுக்கிறதற்கு முன்னே

புரோக்கர் காட்டுவது டைல்ஸும் புதுப் பெயின்டும். நீங்கள் கேட்க வேண்டியது தண்ணீர். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரை சம்ப்பில் நிரப்புகிறார்களா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதங்களில் இந்தக் கட்டிடத்தில் என்ன செய்தார்கள் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியைக் கேட்டாலும் சொல்லுவார். அவரும் உங்கள் ஊர்ப்பக்கமாய் இருக்கலாம்! கூடவே 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எந்தப் படிவரை ஏறிற்று என்றும் கேளுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

வாய்வார்த்தையில் வீடு எடுக்காதீர்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இருவரும் வேறுவிதமாய் ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் ஓனர் நிறுத்த முடியாது. “பிரதர், அதெல்லாம் கேட்டா வீடு கிடைக்காது” என்பீர்கள். நியாயம்தான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறவர்கள் ஒழிந்துபோகவில்லை. ஆனால் அதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கி வைத்தீர்களானால், வட்டிக்காரன் வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சிறிய வீடாகப் பாருங்கள்.

சில இடங்களில் சைவம் மட்டும் என்று போர்டு போட்டிருப்பார்கள். வேறு சிலர் நேரடியாகவே “நீங்க கிறிஸ்டியனா?” என்பார்கள். வீடு கிடைக்கட்டும் என்று அந்த வாசலில் பொய் சொல்லிவிட்டு உள்ளே போய் முழங்கால்படியிட முடியாது. வேறு வீடு உண்டு. தேடுங்கள்.

நாலரை அங்குலச் சுவர்

இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஊரில் நம் வீட்டைச் சுற்றிக் காலி இடம் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்குச் சத்தமிட்டு ஸ்தோத்திரம் பண்ணினால் வேப்பமரம்தான் கேட்கும். ஃபிளாட்டில் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு பையன் படுத்திருக்கிறான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால், முப்பது ஜோடி செருப்பு பொதுவழியில் கிடக்கிறது, டூ வீலர்கள் மற்றவர் பார்க்கிங்கில் நிற்கின்றன. பிறகு அசோசியேஷனில் கேள்வி வந்தால் ‘உபத்திரவம்’ என்று சாட்சி சொல்லுகிறோம். அது உபத்திரவம் அல்ல, செருப்பு!

பட்டணத்தின் சமாதானம் அந்தச் சுவரிலிருந்து தொடங்குகிறது. மைக் இல்லாமல் ஜெபியுங்கள், செருப்பை உள்ளே வையுங்கள். மெயின்டனன்ஸ் பணத்தைத் தேதி தவறாமல் கட்டுங்கள். மோட்டார் போடுகிற முறை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். லிஃப்டில் பார்க்கிற முகத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டு வையுங்கள். மூன்றாவது மாடியில் எங்கே தோட்டம் போடுகிறது என்கிறீர்களா? பால்கனியில் ஒரு தொட்டியில் கற்பூரவல்லி வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடித்தால் நாலு இலை கொடுத்து அனுப்பலாம்.

வீட்டிலிருக்கும் சகோதரி

எல்லாவற்றிலும் பாரமான காரியம் இதுதான். புருஷன் காலை ஆறு மணிக்கே ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். எட்டரையிலிருந்து நாலு மணிவரை அந்தச் சகோதரிக்குச் சாத்தின கதவும் நாலு சுவரும்தான். ஊரில் திண்ணை இருந்தது, குழாயடி இருந்தது, “என்ன குழம்பு வச்சே?” என்று கேட்க ஆள் இருந்தது. இங்கே மனுஷர் வருகிறார்களா என்று கதவு ஓட்டை வழியாய்ப் பார்க்கிறாள்.

கொஞ்ச நாளில் சமையலில் மனம் போகாது. காரணமில்லாமல் அழுகை வரும். உடனே சிலர் அதைப் பொல்லாத ஆவி என்றும், விசுவாசக் குறைச்சல் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அநேகந்தரம் அது தனிமை. அதற்கு மருந்து, வாரத்தில் ஒரு நாள் இன்னொரு சகோதரி வந்து உட்கார்ந்து டீ குடிப்பது. இருவருமாய்ச் சந்தைக்குப் போய் வருவது. சகோதரிகளின் ஜெபக்குழுவில் இருப்பவர்கள் புதிதாய்க் குடிவந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போக வேண்டும். உபதேசம் பண்ண அல்ல, பாத்திரம் எடுத்து வைக்க. உறக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் ஆலோசனை இலவசமாய், தமிழிலேயே கிடைக்கிறது. வைத்தியரிடம் போவதால் விசுவாசம் குறைந்துபோகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரம் இந்தச் சபை, மறுவாரம் பெரிய பிரசங்கியார் வந்திருக்கிறார் என்று அந்தச் சபை, இப்படிச் சுற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில் ஒரு சபையைப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்கு யார் வருவார்? அந்தச் சபைதான் உங்கள் சபை. ஊர்ப் போதகரிடம் கடிதம் வாங்கிவந்து பெயரைப் பதிந்துவிடுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்தார்கள், பின்பு எபேசுவுக்குப் போனார்கள், மறுபடியும் ரோமாபுரியில் காணப்படுகிறார்கள். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடினது (1 கொரி. 16:19, ரோமர் 16:5). கூடாரம் தைக்கிறவர்கள் அவர்கள். நிலையில்லாத வீட்டைப்பற்றி அவர்களுக்குத் தெரியாததா?

இனி பிள்ளைகள். “இங்க வளர்ந்தா ஊரே தெரியாமப் போயிரும், தாத்தா ஆச்சி முகம் மறந்திரும்” என்று தாய்மார் அழுகிறது உண்டு. லீவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், வாரம் ஒருதரம் போனில் பேச வையுங்கள். ஆனால் அதுகள் இந்தத் தெருவில் விளையாடட்டும், இங்கே சிநேகிதம் பிடிக்கட்டும். எழுபது வருஷம் நிறைவேறி, ஜனங்களை எருசலேமுக்குத் திரும்ப நடத்திக்கொண்டு போன செருபாபேல் யார் தெரியுமா? ரேஷன் எண்ணெய் வாங்கின எகொனியாவின் பேரன். அவன் பெயருக்கே ‘பாபிலோனின் வித்து’ என்று அர்த்தம் சொல்லுகிறார்கள்.