இறக்கி வைக்க முடிகிற ஆட்டம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து உத்திரமேரூரில் இறங்கும்போதே கையில் போன் திறந்திருக்கிறது. அதில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதற்கு மேலும் ஒரு போர்க்களம் எதற்கு? ஆடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராக இருந்தாலும் நானும் ஆடுகிறவன்தான். கேம் என்றாலே சுடுவது என்று நினைத்து இதுவரை ஒதுங்கி நின்ற பெரியவர்களும் வீட்டுப் பெண்களும்கூடப் படிக்கலாம்.

1. எந்த ஆட்டத்தையும் தொடங்குமுன் ஒரு சோதனை வையுங்கள். நடுவில் அம்மா, "போய் மோட்டார் போட்டுட்டு வாடா" என்றால் அந்த நிமிடமே எழுந்து போக முடிகிறதா? எழுந்தால் கூட ஆடும் நாலு பேர் திட்டுவார்கள், ரேங்க் இறங்கும் என்றால் அது இன்னொரு ஷிஃப்ட். சம்பளம்தான் கிடையாது.

இதில் படத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. துப்பாக்கி இல்லாத ஆட்டமெல்லாம் சாது என்று எண்ணிவிடாதீர்கள். கேண்டி கிரஷ் பார்க்க மிட்டாய்க்கடை மாதிரி இருக்கிறது. ஆனால் 5 உயிர்தான். போன உயிர் ஒன்று திரும்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. 2009இல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில் ஞாபகம் இருக்கிறதா? விதைத்ததை நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிப்போகும். ஆபீசில் இருந்தவர்களெல்லாம் இல்லாத கத்தரிக்காய்க்காக ஓடிவந்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதி அந்த ஃபேஸ்புக் பண்ணையை மூடிவிட்டார்கள். உங்களைக் கூப்பிடும் உரிமையை ஆட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். நோட்டிபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

2. நினைத்தபோது எழுந்து போக முடிகிற ஆட்டம் நமக்குப் புதிதும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. எதிராளி வெற்றிலை மென்று முடிக்கும்வரை காய் அப்படியே நிற்கும், கடிகாரம் கிடையாது. பல்லாங்குழியின் 14 குழிகளும் அப்படித்தான். பரமபதம் மட்டும் விதிவிலக்கு. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டும் என்றே ஆடியது அது. ஒரு இரவுக்குச் சரி, தினமும் வேண்டாம்.

3. ஒரே ஒரு ஆட்டம்தான் சொல்லலாம் என்றால் ஸ்டார்டியூ வேலி என்பேன். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் ஒரே ஆளாக நாலரை வருடம் உட்கார்ந்து செய்தார். அந்த நாளில் சியாட்டில் நகரத்து அரங்கு ஒன்றில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்திருக்கிறார். ஆட்டம் வெளிவந்தது 2016 பிப்ரவரியில். இன்றைக்கு 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். போனிலும் இருக்கிறது.

கதை சின்னது. பட்டணத்து வேலை சலித்த ஒருவருக்குத் தாத்தாவின் நிலம் வந்து சேர்கிறது. கல்லும் களையும் மண்டிக் கிடக்கும் நிலத்தைச் சுத்தம் செய்து, விதைத்து, தண்ணீர் விட்டு, விளைந்ததை விற்க வேண்டும். இதைச் சொன்னதும் நம் ஊர்க்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: "நாள் முழுக்க சேத்துல நின்னவன் வீட்டுக்கு வந்து போன்லயும் ஏர் ஓட்டணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆடிப் பார்த்தால் பதில் தெரிகிறது. அந்த ஊர் டிவியில் நாளைக்கு மழை என்று சொன்னால் மறுநாள் மழை பெய்கிறது. அன்றைக்குத் தண்ணீர் விடும் வேலை மிச்சம். ஒருநாள் தண்ணீர் விட மறந்தாலும் பயிர் சாகாது, அன்று வளராது, அவ்வளவுதான். விளைந்ததைப் பண்ணையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பணம் வந்திருக்கிறது. நெல் மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, எடை போட எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு அந்தப் பெட்டியின் அருமை புரியும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நம்மை அலைக்கழிப்பது உழைப்பு என்று நான் நினைக்கவில்லை. மழை வருமா, விலை நிற்குமா, கடன் அடையுமா என்ற தவிப்புதான் ஆளைத் தின்கிறது. ஸ்டார்டியூவில் உழைப்பு அப்படியே இருக்கிறது, தவிப்பை எடுத்துவிட்டார்கள். இளைப்பாறல் அங்கேதான் இருக்கிறது.

அதிலும் ஒரு வலை உண்டு. ஆட்டத்தின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். கம்ப்யூட்டரில் ஆடினால், படுக்கையில் போய்த் தூங்கினால்தான் அந்த நாள் சேமிக்கப்படும். தூங்கி எழுந்ததும் புது நாள், புது முளை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று நம் இரவு போய்விடும். அதனால் உட்காரும்போதே இரண்டு நாள் என்றோ மூன்று நாள் என்றோ முடிவு கட்டிக்கொள்ளுங்கள். மீன்பிடிப்பது முதலில் யாருக்கும் கைவராது. எரிச்சல் வந்தால் ஒரு பருவம் முழுக்க அந்தப் பக்கமே போகாதீர்கள். பருவம் ஒவ்வொன்றும் 28 நாள். பருவம் மாறும் அன்று நிலத்தில் நிற்கிற பழைய பயிர் பெரும்பாலும் பட்டுப்போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடைசி வாரத்தில் விதை வாங்குமுன் விரல்விட்டு எண்ணுங்கள்.

4. அடுத்தது வெண்பா. பெயரைப் பார்த்து இலக்கணம் என்று பயப்படாதீர்கள், அது ஒரு பெண்ணின் பெயர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். மூன்று பேரும் ஒரு சமையலறையும்தான் ஆட்டம். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கறைபட்டு, கிழிந்து, பாதி எழுத்து போய்விட்டது. விட்டுப்போன வரியை நாம் யோசித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க வேண்டும். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர். நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமல் செய்துவிடுவார்கள், மேல்நாட்டுக்காரர்கள் விழித்திருப்பார்கள். முதல் தடவையாக நமக்குச் சாதகமான ஆட்டம்! தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். பின்னணியில் அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாகப் போட்ட பாட்டுகள் ஓடுகின்றன.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அழ வைக்கும், சொல்லிவிடுகிறேன். பதற்றம் இல்லாத ஆட்டம் என்றால் மனசைத் தொடாத ஆட்டம் என்று அர்த்தம் இல்லை. வெளியூரில் பிள்ளை இருக்கிற பெற்றோர் தனியாக ஆடுவது நல்லது. 2024இல் சுயாதீன ஆட்டப் படைப்பாளிகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசும், பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. போனில் கிடையாது, கம்ப்யூட்டரோ, டிவியோடு இணைக்கிற கருவியோ வேண்டும்.

5. முடிகிற ஆட்டமாகத் தேடுங்கள். ஒரு மாலையில் தொடங்கி அதே மாலையில் முடிகிறவை இருக்கின்றன. எ ஷார்ட் ஹைக் (2019) அப்படி ஒன்று. மலைத் தீவுக்கு வந்த ஒரு பறவைப் பெண், போன் சிக்னல் கிடைக்க வேண்டும் என்று உச்சிக்கு ஏறுகிறாள். சிக்னலுக்காக மாடிப்படியிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏறின நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வழியில் யாரிடமாவது பேசலாம், வேறு பக்கம் போய்விடலாம், ஏறவே வேண்டாம் என்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அன்பேக்கிங் (2021) இன்னொன்று. வீடு மாறிப் போன பெண்ணின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குவதுதான் வேலை. 1997 முதல் 2018 வரை எட்டுத் தடவை. அவள் நேரில் வருவதே இல்லை, பேச்சும் கிடையாது. ஒரு வீட்டில் அவள் பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடம் இல்லை. ஆண் நண்பனின் சாமான்களே எங்கும் நிறைந்திருக்கின்றன. கடைசியில் சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த உறவைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணிடமும் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

6. போன் மட்டும்தான் இருக்கிறதா? ஆல்டோஸ் ஒடிஸியில் ஜென் என்று ஒரு முறை இருக்கிறது. புள்ளி இல்லை, காசு இல்லை, தோல்வியும் இல்லை. மணல்மேட்டில் சறுக்கிக்கொண்டே போகலாம். மானுமென்ட் வேலி கண்ணை ஏமாற்றும் கோபுரங்களும் படிக்கட்டுகளும் கொண்டது, அவசரப்படுத்தாது. காசும் விளம்பரமும் நெட்டும் எதுவும் வேண்டாம் என்றால் சைமன் டாதம் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் தொகுத்த புதிர்த் தொகுப்பு இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், உள்ளே சரக்கு இருக்கிறது.

நம் பையன்களுக்குப் பிடித்த பஸ் ஆட்டத்தை விட்டுவிட முடியாது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா, 2017இல் வந்தது. தமிழ்நாட்டு அரசு பஸ்ஸின் வண்ணத்தைப் பூசி இந்தோனேசியச் சாலையில் ஓட்டுகிறார்கள். காஞ்சிபுரம் ரோட்டில் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் இன்னொரு பஸ்ஸை ஓட்டும் பையனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் நல்ல ஆட்டம். தனியாக ஓட்டுங்கள், ஆன்லைனில் கூட்டம் சேர்ந்தால் அங்கேயும் முந்துகிற சண்டை.

7. பணம் கட்டி ஆடுவது எதுவும் இந்தப் பட்டியலில் சேராது. ரம்மியை நம் மாநிலம் 2022இல் கொண்டுவந்த சட்டம் தடுக்கப் பார்த்தது; 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடை செய்தது. சட்டம் இருந்தும் லிங்க் வரும். வந்தால் அழித்துவிடுங்கள். ஒரே தடவை விலை கொடுத்து வாங்குகிற ஆட்டம், தினம் கொஞ்சம் கேட்கிற இலவச ஆட்டத்தைவிட மலிவு.

8. "கேம் ஆடினா மூளை கெட்டுடுமா சார்?" ஆக்ஸ்போர்டில் 2020இல் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் மணிக்கணக்கை நம்பாமல், கம்பெனியிடமிருந்தே நேரத்தை வாங்கி 3,274 பேரைப் பார்த்தார்கள். அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒன்று அனிமல் கிராசிங், தீவில் செடி நட்டு மீன் பிடிக்கிற ஆட்டம். அதிகம் ஆடியவர்கள் கொஞ்சம் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஆட்டத்தால்தான் மகிழ்ச்சி வந்தது என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆடியே ஆகவேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்களின் மனநிலை தாழ்ந்திருந்ததையும் சேர்த்தே சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமும் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்து 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. மணி எவ்வளவு என்பதைவிட நிறுத்த முடிகிறதா, மற்ற வேலை கெடுகிறதா என்றுதான் அவர்களும் பார்க்கிறார்கள். முதல் அறிவுரையில் நான் சொன்ன மோட்டார் சோதனைதான், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

9. யூடியூபைப் பார்த்துக்கொண்டு ஆடாதீர்கள். எந்தப் பயிரில் லாபம் அதிகம் என்று அட்டவணை போட்டுக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டார்கெட்டைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

10. கடைசியாக ஒரு ஆசை. டொரண்டோவில் உட்கார்ந்து இட்லிப் பானையை வைத்து உலகம் மெச்சுகிற ஆட்டம் செய்ய முடியும் என்றால், உத்திரமேரூரில் இருந்து ஏன் முடியாது? சரக்கு இங்கே சுவரிலேயே வெட்டிக் கிடக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அதில் இருக்கிறது. முப்பது குடும்பு, அதாவது வார்டு; ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள், அதோடு சரி. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் குடத்தில் இடம் இல்லை. அன்றைக்குப் பெண்களுக்கும் நிலம் இல்லாதவர்களுக்கும் வேதம் படிக்காதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆட்டத்தில் அதை நாம் திருத்திக்கொள்ளலாம்.

நீங்கள் ஏரி வாரியம். வைரமேகத் தடாகம், பல்லவர் வெட்டிய ஏரி, உங்கள் கையில் ஒரு வருடம். கோடையில் வண்டல் எடுக்க வேண்டும், ஐப்பசிக்குள் கரையைக் கட்ட வேண்டும், தண்ணீர் ஏறியதும் எந்த மதகை முதலில் திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எதிரி இல்லை, வெடி இல்லை. சோம்பலாக இருந்தால் அந்த வருடம் தண்ணீர் கொஞ்சம் கீழே நிற்கும், அவ்வளவுதான். 360ஆம் நாள் குடத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், உங்கள் ஆட்டம் முடிந்தது. எத்தனை கூடை மண் எடுத்தால் எத்தனை வேலி நிலம் பாயும் என்ற கணக்கை நான் போட்டுத் தருகிறேன். படம் வரையவும் கோடிங் எழுதவும் தெரிந்தவர்கள் லீவு நாளில் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள், கல்வெட்டைப் படித்துக்கொண்டே பேசுவோம். லேப்டாப்பை வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்து வரவும்.